கெபி முன்னால் நிறுத்திய இஞ்சின்

டோமினிக் வாத்தியார் அந்தச் சின்னக் காரை வாங்கி வந்த நாளில் ஏலாக்குறிச்சியில் அதற்கு மரியாதையே இல்லை, கண்ணுகளா. மூன்றே சிலிண்டர். கூடவே ஒரு டர்போ. புகை போகிற வேகத்திலேயே சுழன்று இஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊதிவிடும் சின்னச் சக்கரம். அவர் மைத்துனர் ஞானப்பிரகாசம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கோழிக்குஞ்சுக்குக் கொம்பு வச்ச மாதிரி இருக்கு மச்சான். அம்பதாயிரம் ஓடுனா அதிசயம்."

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது. மகள் ஏஞ்சல் மேரியைப் பெரம்பலூரில் நர்சிங் படிக்கச் சேர்த்தபோது முறுக்கு டின்னோடு போனது அதில்தான். பின்னாளில் அவளுடைய கைக்குழந்தை வேறெங்கும் அழுகையை நிறுத்தாமல், அந்தப் பின் சீட்டில் மட்டும் தூங்கியது. வாத்தியாரின் மனைவி பாத்திமா மேரி டீச்சர் ஐம்பது வயதில் ஸ்டியரிங் பிடித்ததும் அதில்தான். முதல் நாள் டர்போ இழுத்த இழுப்பில், "யாருங்க பின்னாலேருந்து தள்ளுறது?" என்று திரும்பிப் பார்த்தாராம்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் வண்டி நீலப் புகை விட ஆரம்பித்தது. விற்றுவிடுங்கள் என்றாள் மகள். வாத்தியாரும் சரி என்றார். குரும்பலூர் பழனிவேல் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. டீச்சருக்கு மட்டும் மனசு வரவில்லை. ஒரு தடவை பிரித்துப் பார்க்கட்டும், இஞ்சின் போயிருந்தால் கொடுத்துவிடலாம், இல்லையென்றால் வண்டி நம்மோடுதான் என்று கணவரிடம் சம்மதம் வாங்கினார்.

பெரம்பலூர் மெக்கானிக் கலையரசன் பிரித்துப் பார்த்தான். இஞ்சின் நன்றாக இருந்தது. போனது டர்போ. உள்ளே எண்ணெய் கருகி, அடிப்பிடித்த பால் மாதிரி ஒட்டியிருந்தது.

"வேகமா ஓட்டிட்டு வந்து சூட்டோட டக்குனு ஆஃப் பண்ணிருக்கீங்க டீச்சர். எண்ணெய் ஓட்டம் நின்னு உள்ளயே கருகிடுச்சு. ஒரு நிமிசம் சும்மா ஓட விட்டுட்டு நிறுத்தணும். சாருகிட்ட முதல் சர்வீஸ்லயே சொன்னேனே."

டீச்சர் கணவரைப் பார்த்தார். வாத்தியார் செருப்பைப் பார்த்தார்.

அரியலூர் நெடுஞ்சாலை ஓரம் ஒரு மாதா கெபி உண்டு, கல்குகைக்குள் மாதா சிலை. பெரம்பலூர் போகும்போதும் வரும்போதும் அங்கே நிறுத்தி, இறங்கி, ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லாமல் அவர்கள் நகர்ந்ததில்லை. மாதா முன்னால் வண்டி உறுமிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம். வேகமாக வந்து, நின்ற கையோடு வாத்தியார் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவார். இத்தனை வருடமும் அப்படித்தான்.

பழனிவேல் பட்டறை வாசலிலேயே காத்திருந்தார். வண்டி கொடுப்பதாக இல்லை என்று டீச்சர் சொன்னதும், வந்ததற்கு டீயாவது உண்டா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். புது டர்போ வர ஒரு வாரம் ஆகும். இருவரும் பஸ் ஏறினார்கள்.

அரியலூர் தாண்டியதும் டீச்சர் கேட்டார்.

"தெரிஞ்சே ஏங்க ஆஃப் பண்ணீங்க?"

வாத்தியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீ கண்ண மூடி நிப்ப பாரு மேரி. அந்த நேரம் சத்தமில்லாம இருக்கட்டும்னு தோணுச்சு. ஒவ்வொரு தடவையும் இன்னிக்கு சொல்லிடணும்னுதான் நெனைப்பேன். ஒம் மொகத்தப் பாத்தா சாவியத் திருப்பிடுவேன்."

வெளியே சிமெண்ட் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக இரைந்துகொண்டு போயின. பஸ் ஜன்னல்கள் அதிர்ந்தன. டீச்சர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ராத்திரி பகலா இந்த லாரிங்க சத்தத்துலதான் மாதா நிக்குறாங்க. நம்ம வண்டி ஒரு நிமிசம் ஓடுனா கோச்சிக்கவா போறாங்க? சொல்லியிருக்கலாம்ல."

டீச்சர் கணவர் தோளில் லேசாக இடித்துவிட்டு, அங்கேயே சாய்ந்துகொண்டார்.