ஒன்பது மூச்சு

மார்ச் 14, வியாழன்

ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். சிறியது என்று எழுதவே கை கூசுகிறது.

மாலை வகுப்பில் ஒலிப்பதிவு படிக்கிறேன். வேண்டாத சத்தம் எதுவும் பதிவில் இருக்கக் கூடாது என்று போன வாரம் பாடம். வீட்டுக்கு வந்ததும் அக்கா தன் ஆல்பத்தின் எட்டாவது பாட்டுக்கு வாசித்த கிதார் பதிவைத் திறந்து, அவள் மூச்சிழுக்கும் சத்தத்தையெல்லாம் வெட்டினேன். பழையதன் மேலேயே சேமித்தும் விட்டேன். அதுதான் டிரம்ஸ்காரருக்குப் போனது.

அக்கா கிதார், புல்லாங்குழல், செல்லோ, கீபோர்டு நான்கும் வாசிப்பாள். பதினொரு வருடம் மற்றவர்களின் ஆல்பங்களில் வாசித்தவளுக்கு இதுதான் முதல் சொந்த ஆல்பம். நண்பர்கள் அவரவர் வீட்டில் வாசித்து அனுப்புகிறார்கள். ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதில் மட்டும் டிரம்ஸ் சரியாக உட்காரவில்லை.

இன்று மாலை டிரம்ஸ்காரர் நேரிலேயே வந்துவிட்டார். நாங்கள் அவரை ‘இடி அண்ணா’ என்போம். நாளை மதியம் இரண்டு மாதப் பயணம் கிளம்புகிறார். அவர் திரும்புவதற்குள் ஆல்பம் வெளிவந்துவிடும்.

“ஆறு தடவை வாசிச்சுட்டேன். எங்க உள்ள நுழையறதுன்னே புரியல. எனக்கு வயசாயிடுச்சோ?”

“இல்லண்ணா, எனக்குத்தான் கை தடுமாறுது.” அக்கா கிதாரை வைத்தாள், செல்லோவை எடுத்தாள், அதையும் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். “விட்டுடலாம். ஏழே போதும்.”

“எட்டாவதுதான் பாட்டு. மத்த ஏழும் ஒப்புக்குச் சப்பாணி.”

“உங்க வாய்க்கொழுப்பு இருக்கே!”

“முன்னெல்லாம் ஒரு மூச்சு இழுப்பே. அது காதுல விழுந்ததும் நான் உள்ள வந்துடுவேன். இப்ப என்ன, மூச்சே விடாம வாசிக்கிறியா?”

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று அரை நிமிடம் யோசித்தேன். அக்கா மறுபடியும், “விட்டுடலாம்ணா” என்றாள்.

“நான்தான்க்கா வெட்டினேன். மூச்சை.”

“எத்தனை?”

“ஒன்பது.”

“எண்ணி எண்ணி வெட்டியிருக்கா பாரு!” இடி அண்ணா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

மூச்சை மட்டும் தனியாகப் பதிந்து ஒட்டிப் பார்த்தோம். “மாடிப்படி ஏறி வந்தவ மாதிரி இருக்கு” என்றார் அவர். வாசிக்கும்போது தானாக வருகிற மூச்சு வேறு போலிருக்கிறது. ஏழு மணிக்கு அவருக்கு ஒத்திகை. காலையில் தன் வீட்டிலேயே இருவரும் சேர்ந்து வாசித்துவிடலாம் என்றார். “இவளையும் கூட்டிட்டு வா.”

“இவளையா?” என்று அக்கா உள்ளே போய்விட்டாள். இந்தப் படிப்பு எனக்கு வருமா என்று நோட்டின் ஓரத்தில் எழுதி அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

ஒரு மணி நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: “நீள கேபிள் ரெண்டு எடுத்து வை. அங்க பிளக் தூரம்.”

நாளை: காலை எட்டு மணி, இடி அண்ணா வீடு. மைக் மூன்று, நீள கேபிள் இரண்டு. பதிவு முடிந்ததும் முதலில் ஒரு பிரதி எடுக்க வேண்டும். எதையும் வெட்டக் கூடாது.