வாராவாரம் ஒரு பை சாமை

ஜமுனாமரத்தூர் உழவர் கம்பெனியில் கணக்கு பார்க்கும் தேவயானிக்கு இரண்டு பேரைக் கண்டால் ஆகாது. ஒருவர், ஆலங்காயத்திலிருந்து போன் போட்டே உயிரை எடுக்கும் ஆடிட்டர் அசோக்குமார். இன்னொருத்தி குப்பம்மா. மற்றவர்களெல்லாம் அறுப்பு முடிந்ததும் சாமையை மூட்டை மூட்டையாக வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். குப்பம்மா மட்டும் வாராவாரம் சந்தை நாளில் ஒரு மஞ்சள் பையில் அஞ்சு கிலோ கொண்டுவந்து நீட்டுவாள். அந்த அஞ்சு கிலோவுக்கும் ஒரு எடை, ஒரு ரசீது, கம்ப்யூட்டரில் ஒரு பதிவு.

"மொத்தமா ஒருவாட்டி கொண்டாந்தா இன்னாக்கா?" என்று தேவயானி அலுத்துக்கொண்டால் சிரித்துக்கொண்டே பையைத் தராசில் வைப்பாள்.

இந்த மாதம் ஆடிட்டர் தொல்லைதான் பெரிது. பழைய கணக்கு மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். பழையதிலிருந்து உறுப்பினர் விவரத்தை எல்லாம் எக்செல் கோப்பாக ஏற்றுமதி செய்து, எந்தக் கட்டத்தில் இருப்பது புதியதில் எங்கே போய் உட்கார வேண்டும் என்று பொருத்திக் கொடுத்து, பிறகு இறக்குமதி செய்ய வேண்டும். பெயர், ஊர், சரக்கு எடை போட்டதும் செய்தி போகவேண்டிய கைபேசி எண் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். நடுவில் கரண்ட் போனது, நெட் போனது, அவள் பொறுமையும் போனது. ஒருவழியாக எல்லாம் உள்ளே போய், ஒரே ஒரு வரியை மட்டும் புது மென்பொருள் துப்பிவிட்டது. குப்பம்மாவுக்கும் சடையனுக்கும் ஒரே எண் இருக்கிறதாம். ஒரு எண்ணை ஒருவருக்குத்தான் அது ஒத்துக்கொள்ளும்.

சடையன் குப்பம்மாவின் புருஷன். இருவரும் ஒரே வீட்டில் இல்லை என்பது ஊரறிந்த சங்கதி. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்க்க அவள் கிளம்பியது அறுப்பு நேரம். "போறதுன்னா அங்கயே இருந்துக்கோ" என்று கோபத்தில் சொல்லிவிட்டான். அவளும் அங்கேயே இருந்துகொண்டாள். அம்மா கண்ணை மூடிய பிறகும் திரும்பவில்லை. கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை, கூப்பிடாமல் வர அவளுக்குக் கால் வரவில்லை.

அதனால் தேவயானிக்கு மென்பொருள் சொன்னது நியாயமாகவே பட்டது. பிரிந்து போனவளின் கணக்குச் செய்தி புருஷன் போனுக்கு எதற்கு? மகளிர் குழுப் பட்டியலில் குப்பம்மாவின் சொந்த எண் இருந்தது. அதை எடுத்துப் போட்டாள். இறக்குமதி முடிந்தது. ஒரு பெண்ணுக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் அன்று டீயோடு ஒரு போண்டாவும் வாங்கித் தின்றாள்.

சந்தை நாள் போய் இரண்டாம் நாள் சடையன் வந்து நின்றான். வருஷத்தில் ஒருமுறை மூட்டையோடு வருகிறவன், அன்று வெறுங்கையாக வந்திருந்தான்.

"இன்னாம்மா, இந்த வாரம் மெசேஜே வரல?"

"எந்த மெசேஜுண்ணா?"

போனை எடுத்துக் காட்டினான். குப்பம்மா, சாமை, 5 கிலோ. அதற்கு மேலே அதேதான். விரலால் தள்ளத் தள்ள அதேதான் வந்தது. ஒன்றைக்கூட அவன் அழிக்கவில்லை.

"அவளுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? மழையில அந்த வழி வழுக்கும்மா."

"நல்லாத்தான் இருக்காங்கண்ணா. வந்துட்டுத்தான் போனாங்க."

அவன் மூச்சு விட்டான். பிறகு முகம் சுருங்கிப்போயிற்று. "அப்போ என் நம்பர எடுக்கச் சொன்னாளா?"

"ஐயோ, அவங்க சொல்லல. நான்தான் மாத்துனேன்."

"மறுபடி போட்டுடேன்."

"அவங்க கணக்கு. அவங்கள கேக்காம போடக்கூடாதுண்ணா. அதுவுமில்லாம, ஒரே நம்பர ரெண்டு பேருக்குப் போட்டா இது ஏத்துக்காது."

"அப்போ என்னோடதுல எடுத்துடு. நான் கொண்டாந்தது எனக்குத் தெரியாதா?"

"காலியா வுட்டாலும் ஏத்துக்காது. எதுனா ஒரு நம்பர் வேணும்."

சடையன் போனை மடியில் செருகிக்கொண்டான். "என்னோடதுல அவ நம்பர போட்டுடு," என்றான். "அவ ஒத்துக்கினா."

அடுத்த சந்தை நாள் வரைக்கும் தேவயானிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன்னுடைய புருஷன் பெண்டாட்டி விவகாரம்போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பம்மா வந்தாள். பையைத் தராசில் வைக்கவில்லை.

"போன வாரம் மெசேஜு எனக்கு வந்துச்சே. அவருக்குப் போவலியா?"

"புது சாஃப்ட்வேர்க்கா. இனிமே உங்களுக்குத்தான் வரும்."

"அப்போ இந்தப் பைய இன்னாத்துக்கு நான் இம்மாந்தூரம் தூக்கினு வர்றேன்?"

சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தேவயானிக்கு, இத்தனை நாள் தான் அலுத்துக்கொண்டு போட்ட அஞ்சு கிலோ பதிவுகள் எல்லாம் கண்முன் வந்தன. அவற்றில் ஒன்றுகூட வீண் வேலை இல்லை.

"அண்ணன் வந்தாருக்கா," என்றாள்.

"இங்கியா? இன்னா கேட்டாரு?"

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லையான்னு. வழி வழுக்குமேன்னு." பிறகு எண் விஷயத்தை முழுக்கச் சொன்னாள்.

குப்பம்மாவின் கண் நிறைந்துவிட்டது. சிரிக்கவும் செய்தாள். "என் நம்பர் அவருக்குத் தெரியாதா, எடுத்துப் பேசினா ஆவாதா? அதுக்கு மட்டும் வீம்பு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போடும்மா. அவரோடத எனக்கு, என்னோடத அவருக்கு."

தேவயானி கோப்பைத் திறந்து இரண்டு எண்களையும் இடம் மாற்றினாள். 'இருப்பதைத் திருத்து' என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி இறக்குமதி கொடுத்தாள். இந்த முறை மென்பொருள் எதையும் துப்பவில்லை. அதன்பிறகுதான் குப்பம்மா பையைத் தராசில் வைத்தாள்.

மறுநாள் காலையில் கம்பெனியைத் திறக்குமுன்பே சடையன் படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு துணிப்பை.

"அஞ்சு கிலோம்மா," என்றான். "அடுத்த வாரமும் கொண்டாருவேன்."

தேவயானி முணுமுணுக்காமல் எடை போட்டாள்.

மாதக் கடைசியில் ஆடிட்டர் கூப்பிட்டார். "இன்னாம்மா வேலை பண்ற? சடையன்னு ஒருத்தர் நம்பர் குப்பம்மாவுக்குப் போயிருக்கு, அந்தம்மா நம்பர் அவருக்குப் போயிருக்கு. இறக்குமதில மாறிடுச்சு. நானே சரி பண்ணிடட்டுமா?"

"கைய வைக்காதீங்க சார்," என்றாள் தேவயானி. "ரெண்டு பேரையும் கேட்டுத்தான் போட்டிருக்கேன்."