கண்டக்டர் வீட்டு வழி

பெட்டி நுழையாது என்று தெரிந்த பிறகும் மகன் இன்னொரு முறை டேப்பைப் பிடித்துச் சின்னக் கதவை அளந்தான். அளந்தால் மட்டும் இரும்பு இளகிவிடுமா? ஓர் ஆள் ஒருக்களித்து நுழையத்தான் அதில் இடம். வீட்டுக்குள் அப்பா பெட்டியில் கிடந்தார். தெருவில் வண்டிக்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார்.

கண்டக்டர் வீடு பின்வீடு. தெருவுக்கு வர முன்வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு நடைவழி. அது பொதுவழி என்றார் கண்டக்டர். என் சொந்த நிலம் என்றார் முன்வீட்டுக்காரர். சொன்னதோடு நிற்காமல் வழியின் வாயில் இரட்டை இரும்புக் கதவும் போட்டுப் பூட்டினார். தீர்ப்பு வரும்வரை அதிலுள்ள சின்னக் கதவை மட்டும் திறந்து வைக்கச் சொல்லியிருந்தது கோர்ட்டு. தீர்ப்பு வருவதற்குள் கண்டக்டருக்குத் தலை நரைத்து, பல் கொட்டி, நேற்று மாலை மூச்சும் நின்றுவிட்டது.

"கேட்டுப் போனா அது சலுகை. கேக்காமப் போனாத்தான் உரிமை" என்று வக்கீல் முதல் நாளே சொல்லியிருந்தார். கண்டக்டர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் வாழ்நாள் முழுக்க "வழி விடுங்க, வழி விடுங்க" என்று தொண்டை கிழியக் கத்திய மனிதர், தன் வீட்டு வழியில் மட்டும் வாயே திறக்கமாட்டார். முன்வீட்டுக்காரர் அங்கே ஒரு பல்பு போட்டபோது, அந்த வெளிச்சத்துக்குக் கடன்பட்டுவிடக் கூடாதென்று, எரிகிற பல்புக்குக் கீழே டார்ச் அடித்துக்கொண்டு போனார். தெருவே சிரித்தது. கண்டக்டரின் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

படுக்கையில் விழுந்த பிறகு அவளை அனுப்பினார். வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும், "ஒரு நடை போய்ட்டு வா. நடக்காம விட்டா வழி நம்ம கைய விட்டுப் போயிடும்" என்பார். நேற்றும் சொன்னார். குரல் சரியில்லை. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கண் அவளை விரட்டியது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்த்தால் ஆள் இல்லை. காலமெல்லாம் கூட வாழ்ந்தவருக்குக் கடைசியில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க அவள் பக்கத்தில் இல்லை. வழிக்குக் காவல் நடந்துகொண்டிருந்தாள். அந்த நினைப்பு அவள் நெஞ்சை அறுத்தது.

மகன் போனில் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தான்.

"வக்கீல்கிட்ட பேசிட்டேம்மா. பெரிய கதவத் திறக்கச் சொல்லி நாம கேக்கவே கூடாதாம். கேட்டா இத்தன வருஷமும் தண்டமாம்."

"அப்ப உங்கப்பா?"

"பின்னாடி சந்து இருக்கில்ல? வளைவுல மட்டும் பெட்டிய நிமித்திட்டா..." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பூட்டின கதவ ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கச் சொன்னாரு. பொணத்துக்குக் கூட வழி விடலேன்னு கோர்ட்ல காட்டலாமாம்."

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போலிருந்தது அவளுக்கு.

"ஆயுசு பூரா நின்னுக்கிட்டே பொழச்ச மனுஷன்டா" என்றாள். "இப்பவாவது படுத்துக்கிட்டுப் போகட்டும்."

"அம்மா, இந்தக் கேஸுதான் அப்பாவோட உசிரே."

"அது எனக்குத் தெரியாதா?"

தெரிந்ததுதான் கஷ்டம். கேட்டால் அவர் தோற்பார். அதுவும் செத்த மறுநாளே, கட்டினவள் வாயால். கேட்காவிட்டால் அவரை மூட்டையைப் போல் நிமிர்த்தித் தூக்குவார்கள். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எழுந்து வெளியே நடந்தாள்.

தட்டுவதற்கு முன்பே முன்வீட்டு வாசல் திறந்தது. முன்வீட்டுக்காரர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் சாவிக்கொத்தோடு நின்றார்.

"அண்ணே, அவர வெளிய கொண்டு போகணும். தயவு பண்ணிப் பெரிய கதவத் திறந்து விடுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ஒரு வார்த்தைக்குத்தான் விடிஞ்சதுலேர்ந்து சாவியோட நிக்கிறேன் தங்கச்சி. நீங்க கேக்காம நானாத் திறந்தா அது உங்க உரிமை ஆயிடும்னு எங்க வக்கீலு..." மேலே சொல்ல வெட்கப்பட்டு நிறுத்தினார். இரண்டு வக்கீலும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான் போலிருக்கிறது.

கதவு துருவேறி இறுகியிருந்தது. முன்வீட்டுக்காரர் தனியாகத் தள்ளிப் பார்த்தார்; அசையவில்லை. மகனும் வந்து கை வைத்த பிறகுதான் கதவு திறந்தது. பெட்டி சாயாமல், நடைவழியின் நடுவாகவே போனது. முன்வீட்டுக்காரர் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. இரண்டு கதவும் விரியத் திறந்தே கிடந்தன. மகன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். அவள் கால் மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டது.

"ஏம்மா நிக்கிற? வாயேன்" என்று மகன் பின்வீட்டிலிருந்து கூப்பிட்டான்.

அவள் அசையவில்லை. முன்வீட்டு ஜன்னலைப் பார்த்து, "அண்ணே, போகட்டுங்களா?" என்று கேட்டாள்.

உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவள் குரல் யார் காதிலும் விழவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பதிலுக்காக அங்கேயே நின்றாள்.