ஏழரை மீட்டர்

அழைப்பிதழ் வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி அதை எனக்கு மூன்று முறை காட்டினாள். முதல் முறை வாசலில், இரண்டாவது துணி உலர்த்தும்போது, மூன்றாவது நான் ஏற்கெனவே பார்த்துவிட்டதை மறந்துபோனவள் மாதிரி. சிலுவைச் சின்னம் பொன்னிறத்தில் அச்சடித்த கெட்டி அட்டை. கல்லூரியில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கும் நெடுநாள் பணியாளர்களுக்கும் பாராட்டு விழா. இடது பக்க வரிசையில் இவள் பெயர், வலது பக்க வரிசையில் இவள் புருஷன் பெயர். "கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒரே அட்டையில வர்றது இப்பதான் அக்கா" என்றாள். அவர்கள் பத்திரிகையே அடிக்கவில்லை, நாலு பேர் சாட்சியோடு முடிந்த கல்யாணம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எனக்கும் எப்போதாவது வாயை மூடத் தெரியும்.

அவள் இப்போது பல் டாக்டரிடம் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறாள். வலது முழங்கால் போய்விட்டது. மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவாள். ஆனால் முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்லூரி மைதானத்தில் அவள் நானூறு மீட்டர் ஓடிய நேரத்தை இன்றுவரை ஒரு பெண்ணும் தொடவில்லை. புருஷன் அங்கேயே மைதானக்காரர். புல் வெட்டுவது, உருளை இழுப்பது, ஓடுதளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. வருஷா வருஷம் விளையாட்டு விழா முடிந்து அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இவள் கேட்பாள், "நம்மளுது இருக்கா?" அவர் "இருக்கு" என்பார். குழந்தை இல்லாத வீட்டில் அந்த ரெக்கார்டுதான் வளர்ந்து ஆளாகி உட்கார்ந்திருந்தது.

அந்த ஓட்டத்துக்கு அப்புறம் நடந்ததை அவள் அதிகம் பேசுவதில்லை. அந்த நேரத்தை நம்பிப் பெரிய போட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு செகண்டுக்கும் மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டு கடைசியாக வந்தாள். விளையாட்டு மாஸ்டர் எல்லார் முன்னாலும் "பயந்துட்டியே" என்றாராம். ஊர் திரும்பியதும் ஷூவை யாருக்கோ கொடுத்துவிட்டாள். பிறகு வாழ்க்கையில் எது வந்தாலும், ஒரு நேர்முகத் தேர்வோ, பதவி உயர்வுக்கான பரீட்சையோ, "எனக்குக் கிட்ட நெருங்கிட்டா பயம் வந்துடும் அக்கா, என் உடம்பு வாகு அப்படி" என்று ஒதுங்கிவிடுவாள்.

அழைப்பிதழ் வந்ததிலிருந்து மைதானக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வியாதியா, வேறு ஏதாவது சகவாசமா என்று நானும் இரண்டு விதமாகவும் யோசித்துப் பார்த்தேன். விழா அன்று காலையில்தான் தெரிந்தது. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் இரண்டு சமையலறைக்கும் நடுவில் இருக்கிற சுவர்தான் மெல்லிசு. அவள் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ ரெக்கார்டு ஓடின அன்னைக்கு நான் போட்ட நாலாவது கோடு தப்பு" என்றார்.

நானூறு மீட்டரில் ஆளுக்கொரு இடத்தில் நிறுத்துவார்கள், வெளிவட்டத்தில் ஓடுகிறவருக்குக் கோடு கொஞ்சம் முன்னால் இருக்கும். அந்த இடங்களைக் காட்டத் தரையில் இரும்பு முளை அடித்திருக்கும். அன்றைக்கு முந்தின நாள் மழை. நாலாவது முளை சேற்றில் புதைந்து போயிருக்கிறது. பிஷப் வந்துவிடுவார் என்று எல்லாரும் விரட்ட, இவர் கண்ணில் பட்ட ஐந்தாவதை நாலாவது என்று எண்ணிக் கோடு போட்டுவிட்டார். ஓடியது நாலே பேர். நாலாவது தடத்தில் இவள். அடுத்த வாரம் மண்ணைக் கிளறும்போது முளை தட்டுப்பட்டதாம். அதற்குள் மாஸ்டர் அவளைப் பெரிய போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "முந்தாநாள் பிரின்ஸ்பால் ஃபாதர்கிட்டயே போய்ச் சொல்லிட்டேன். பலகையில பேரு எழுதியாச்சு, இந்த வயசுல ஏன்பா மனசப் போட்டு உழப்பிக்கிறன்னுட்டார்."

"எவ்வளவு கொறஞ்சுது?" என்றாள்.

"ஏழரை மீட்டர்."

இஸ்திரிப் பெட்டி நகர்கிற சத்தம் மட்டும் வந்தது. காலர், கை, மறுபடியும் காலர்.

"அப்போ நான் பயப்படல."

"இல்ல."

"எப்பவும் ஓடுறதத்தான் அங்கயும் ஓடியிருக்கேன்."

அவர், சொன்னால் ரெக்கார்டு போய்விடும், அதற்குத்தான், என்று இழுத்தார்.

"அது போனா போயிட்டுப் போகுது. நான் ஓடியிருப்பேன்ல. அப்ப இருபது வயசுங்க எனக்கு." அப்புறம் அதே குரலில், "சட்டை ஆயிடுச்சு. போட்டுக்கோங்க" என்றாள்.

அழைப்பிதழில் 'குடும்பத்துடன்' என்று போட்டிருந்ததால் நானும் போனேன். ஃபாதர் நீளமாக ஜெபம் செய்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மைதானக்காரரின் ஒழுங்கைப் புகழும்போது "இவர் போட்ட கோடு ஒருநாளும் கோணியதில்லை" என்று ஃபாதர் சொன்னார். சொன்ன முகத்தில் ஒரு சலனம் இல்லை. அதற்கெல்லாம் தனிப் பயிற்சி வேண்டும். பிறகு இவளைக் கூப்பிட்டு, நேரத்தைப் புள்ளி வைத்து வாசித்து, முன்வரிசை மாணவிகளைப் பார்த்து, கடவுளை நம்பி உழைத்தால் நீங்களும் தொடலாம் என்றார். கைதட்டல். அவள் படியில் பக்கவாட்டில் இறங்கி வந்தாள்.

தேநீர் கொடுக்கிற இடத்தில் ஒல்லியாக ஒரு பெண் அவளிடம் வந்தது. இந்த வருஷம் அரை செகண்டில் ரெக்கார்டைத் தவறவிட்ட பெண். கூட ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. செல்போனைச் சிநேகிதியிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னது.

"கடைசி அம்பது மீட்டர்ல பயந்துட்டேன் ஆன்ட்டி. மாஸ்டரும் அதத்தான் சொன்னார். இனிமே ஓடப் போறதில்ல."

அவள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். வாய் திறந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், திறந்தது. தூணருகே நின்றிருந்த மைதானக்காரரும் அதைப் பார்த்தார். "ஆன்ட்டி, சிரிங்க" என்றாள் செல்போன் வைத்திருந்தவள். இவள் சிரித்தாள். படம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பெண்கள் போய்விட்டார்கள். அந்த மணிக்கட்டைப் பிடித்திருந்த இவள் கை கொஞ்ச நேரம் அப்படியே வளைந்து நின்றது.

திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மைதானத்தில் இருந்தாள். நல்ல வெயில். விழாவுக்காக அவர் புதிதாகப் போட்டிருந்த கோடுகள் கண்ணைக் குத்தின. ஐந்தாவது கோடு இருந்த இடத்துக்குப் போய், நாலாவது தடத்துக்குள் நின்று, அங்கிருந்து அடியடியாக எண்ணிக்கொண்டு பின்னால் வந்தாள். நாலாவது கோட்டில் நின்றாள். மைதானக்காரர் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், கைக்கு ஒன்றாக இரண்டு கேடயங்களையும் பிடித்துக்கொண்டு, கிட்டே போகவும் மாட்டாமல் திரும்பவும் மாட்டாமல் நின்றார். அவள் சேலையைச் செருகிக்கொண்டு, இடது காலை முன்னால் வைத்து, மெல்லக் குனிந்தாள். வலது முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. விரல் நுனிக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. அப்படியே, தலையை மட்டும் நிமிர்த்தி, வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.