எட்டு மாதத்துப் புரதம்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பெட்டி மூடி திறந்து கிடந்ததைப் பார்த்ததுமே செல்லக்கனி ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். உள்ளே வெறும் மரத்தூள். காலையில் அவள் அடுக்கிவைத்த ஐஸ் கட்டியில் ஒரு துண்டுகூட இல்லை. விரல் நீளக் கண்ணாடிக்குழாய் வெயில் விழும் மேசையில் கிடந்தது.

எட்டு மாத உழைப்பு அது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்து குப்பைக்குப் போகும் நஞ்சுக்கொடிகளை நர்ஸ் மாரியாத்தாளிடம் கெஞ்சி வாங்கி, அரைத்து, வடித்துப் பிரித்தெடுத்த புரதக் கூட்டம். மனித செல்லுக்குள் டி.என்.ஏ. இழை, ராஜபாளையம் மில்லில் கோனில் ஏறும் நூலைப்போலப் புரத உருண்டைகளில் இறுகச் சுற்றிக் கிடக்கிறது. அந்தச் சுற்றைத் தளர்த்தினால்தான் உள்ளிருக்கும் மரபணுவை செல் படிக்க முடியும். தளர்த்துகிற வேலை, ஒன்றையொன்று பிடித்து நிற்கும் இந்தப் பத்துப் புரதங்களுடையது. அவை சேர்ந்து நிற்கும் உருவத்தை இந்தத் தொண்ணூற்றாறாம் வருஷம் வரை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை பெங்களூர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அவளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். விட்டால் அடுத்த வருஷம்தான்.

ஆடிப்பூரத் தேர் ஓடும்போது ரதவீதியில் கரண்டை நிறுத்திவிடுவார்கள், கல்லூரி ஃப்ரிட்ஜும் நின்றுவிடும். அதற்காகத்தான் ஐஸ் வைத்துவிட்டு, பயணத்துக்குத் தெர்மோகோல் பெட்டி வாங்க ராஜபாளையம் போனாள். திரும்பும்போது பஸ் கூட்டத்தில் ஊர்ந்து மூன்று மணியாகிவிட்டது.

குழாயைத் தூக்கிப் பார்த்தாள். தெளிந்திருந்த நீர் திரிந்த பாலாகக் கட்டியிருந்தது.

துறைத்தலைவர் காசிராஜன் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "ஐஸை நாந்தாம்மா எடுத்தேன். நம்ம மோர்ப் பந்தல்ல தீந்துபோச்சு. எம்புட்டுச் சனம்! வெயில்ல தவிச்சு வருது."

"தொடாதீங்கன்னு பெட்டி மேல எழுதி வச்சிருந்தேனே சார்!"

"குழாயைப் பத்திரமா வெளிய வச்சிட்டுத்தானே போனேன்? செத்த நேரம் பொறு. கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜுல வச்சா சரியாப்போகும்."

உயிரியல் சொல்லிக்கொடுக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அவிச்ச முட்டையை ஃப்ரிட்ஜுல வச்சா பச்சை முட்டையாயிருமா சார்?"

அவர் முகம் கறுத்தது. "சரி, இதையே கொண்டுபோயி ஏதாச்சும் படம் எடுத்துட்டு வா. அறிக்கையில எம்பேரும் இருக்கு. யாரு பாக்கப்போறா?"

அவள் விடுவிடுவென்று அவர் அறைக்குப் போய்ப் போனைச் சுற்றினாள். அவரும் பின்னாலேயே ஓடிவந்தார். பெங்களூரில் மைக்ராஸ்கோப்புக்கு நேரம் ஒதுக்கும் ராஜரத்தினம் எடுத்தார்.

"திங்கட்கிழமை நான் வரலை சார். அந்த நேரத்தை வேற யாருக்காச்சும் குடுத்திருங்க."

"ஏம்மா? புரதம் என்னாச்சு?"

வேண்டாம், வேண்டாமென்று காசிராஜன் கையை ஆட்டினார். செல்லக்கனி அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"எங்க ஹெச்.ஓ.டி. அதை மோர்ல கரைச்சிட்டாரு."