பின் சக்கரத்துக் கல்

சூப்பர்வைசர் வேலப்பன் மாலையைப் போட்டுவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டான். செத்தவரை அவன் தொடக்கூட இல்லை, மாலையைத்தான் தொட்டான். நர்மதா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பிரேக்கு சுவிட்சு போட மறந்துட்டாரும்மா, அதான் வண்டி பின்னால உருண்டு அவரு மேலயே ஏறிடுச்சி,” என்றான் அம்மாவிடம். “மெக்கானிக் பாத்துட்டான். பிரேக்கு பக்காவா கீது. புது வண்டி, ஒத்த வெரல்ல தூக்கினா போதும். அதக்கூட செய்லன்னா கம்பெனி இன்னா பண்ணும்?”

அம்மா பச்சையம்மா தலையாட்டினாள். இருபது வருஷம் டிரெய்லர் ஓட்டிய புருஷனை மறதிக்காரன் என்கிறான், இவள் தலையாட்டுகிறாள்.

அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. “இன்னாது இது, காலிங்பெல்லா?” என்று அந்தச் சுவிட்சைப் பார்த்துச் சிரிப்பார். ஆனால் நேற்று அதைப் போட்டிருந்தார். சிவப்பு லைட்டு எரிந்ததை நர்மதாவே பார்த்தாள்.

ஹார்பருக்குப் போகும் வரிசை எண்ணூர் ரோட்டில் மத்தியானம்வரை அசையவில்லை. பாலத்து ஏற்றத்தில் நின்ற வண்டிக்கு அவள்தான் சோறு கொண்டுபோனாள். அப்பா நீலமேகம் தின்றுவிட்டு, கை கழுவ வண்டிக்குப் பின்னால் போனார். அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது. பின்வண்டிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இன்னாமே, கல்யாண ஊர்கோலமா? நவுத்தச் சொல்லு.”

லைட்டுதான் எரிகிறதே என்று அவள் கேபினிலிருந்து இறங்கி, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தாள். அப்பாவுக்கு ஒரு வேலை குறையட்டும் என்றுதான்.

“பாப்பா, இங்க வா.” அப்பாவின் தோஸ்து ஜெயவேல் சாவு வீட்டுக் கூட்டத்திலிருந்து அவளைக் குழாயடிக்கு ஒதுக்கினான். அவனும் டிரெய்லர் ஓட்டுகிறவன். காலையிலேயே குடித்திருந்தான். “ஒத்தர்கிட்டயும் சொல்லாத. பிரேக் டப்பால ஒங்க நைனா போல்ட்ட முறுக்கி வெச்சிருந்தாரு.”

“எதுக்கு மாமா?”

“லைன்ல இஞ்சின ஆஃப் பண்ணா காத்து எறங்கி பிரேக்கு புடிச்சிக்கும். மறுபடி காத்து ரொம்பறதுக்குள்ள நாலு பேரு முன்னால பூந்துடுவான். போல்ட்ட முறுக்கிட்டா பிரேக்கு புடிக்கவே புடிக்காது. லைட்டு மட்டும் சும்மா எரியும். நாங்க அல்லாரும் அப்டிதான். கல்லுதான் எங்க பிரேக்கு.” மூக்கைச் சிந்தினான். “போலீசு வர்றதுக்குள்ள நான் கழட்டி எறிஞ்சிட்டேன். அவரு பேரு கெடக்கூடாதுல்ல?”

பேரைக் காப்பாற்றிய லட்சணம். அதனால்தான் இப்போது மறதிக்காரன்.

“கல்ல எந்தப் பேமானி எட்தான்னுதான் தெர்ல. தெரிஞ்சா…”

நர்மதா குழாயைத் திறந்து கை கழுவினாள். வேலப்பன், அம்மா, இந்தக் குடிகாரன், உள்ளே படுத்திருக்கும் அப்பா என்று எல்லோரையும் மட்டமாக நினைத்து முடித்தாகிவிட்டது. அவளுடைய கை மட்டும்தான் மிச்சம்.

பூ ஜோடித்த வண்டி வந்தது. சாக்கடை மூடி போட்டதில் வாசல் சரிவாகியிருந்தது. வண்டி நிற்காமல் உருண்டது.

“பாப்பா, அந்தக் கல்ல குடு சக்கரத்துக்கு,” என்றான் ஜெயவேல்.

குடுத்தாள். அப்பாவைத் தூக்கி வைத்தார்கள். மேளம் கிளம்பியது. அம்மா அப்போதுதான் கத்தினாள்.

“எட்துடு பாப்பா. நேரமாவுது,” என்றான் ஜெயவேல்.

நர்மதா கல்லில் கை வைத்தபடி குனிந்து, வண்டிக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் பார்த்தாள்.