காதில் விழுந்த பாதி

கிளாக்கோமா என்ற கண்ணழுத்த நோய் இனிகோவின் இடக்கண்ணை முழுதாகப் பறித்துவிட்டு வலக்கண்ணில் ஒரு துளி வெளிச்சத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் கண் மருத்துவர் சரண்யாதேவி. அதோடு அவர் நிறுத்தியிருந்தால் இனிகோவின் மனைவி பிளாரன்ஸ் தாங்கியிருப்பாள்.

"பார்வை குறைஞ்சவங்க மத்தவங்களைவிடச் சீக்கிரம் இறந்துபோற வாய்ப்பு அதிகம்னு ஆய்வுகள்ல வருதும்மா. அதனால..."

அதற்கு மேல் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனின் கையைப் பிடித்தவள், வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாளே காவல் தொடங்கிவிட்டது. தோணியில் இன்ஜின் டிரைவராக மாலத்தீவுவரை போய்வந்த மனிதரை வாசற்படி தாண்டவிடவில்லை. கோயிலுக்கு வேண்டாம், படியிருக்கிறது. கடற்கரைக்கு வேண்டாம், லாரி வரும். குளியலறைத் தாழ்ப்பாளை ஆள் வைத்துக் கழற்றினாள். மதியம் அவர் கண்ணயர்ந்தால் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பாள். மூச்சு பட்டதும் அடுப்படிக்குப் போவாள். உலை கொதிக்குமுன் மறுபடி வந்து நிற்பாள்.

"ஏளா, ஒரு இடத்துல உக்காரேன். நீ நடக்க நடக்க எனக்குக் கால் வலிக்கி."

"நீங்க சும்மா இருங்க."

அவர் சும்மாதான் இருந்தார். பேச்சு குறைந்தது. தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. சட்டை தோளில் தொங்கத் தொடங்கியபோது, மருத்துவர் சொன்னது வந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். காவலை இன்னும் இறுக்கினாள்.

ஒருநாள் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால், கதவு திறந்து கிடந்தது. நாற்காலியில் ஆளில்லை. பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கோயிலில் இல்லை. மீன்பிடித் துறைமுகத்துச் சாலையில் ஐஸ் லாரிகளுக்கிடையே புகுந்து ஓடினாள். தண்ணீரோரம் கூட்டம் கூடியிருந்ததைப் பார்த்ததும் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். வலை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் செந்தூர்பாண்டியின் சலூனிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. எத்தனையோ நாளாக வீட்டில் கேட்காத சிரிப்பு. முகமெல்லாம் சோப்பு நுரையோடு இனிகோ உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க அக்கா. அண்ணாச்சி ஆட்டோவக் கைதட்டிக் கூப்பிட்டு வந்துட்டாவ," என்றான் செந்தூர்பாண்டி.

அவள் உட்காரவில்லை. "ஏன் சொல்லாம வந்திய? எனக்கு உசுரே இல்ல."

இனிகோ குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "எனக்கு ஒண்ணும் நடந்துறக் கூடாதுன்னு பாக்க. சரி. நீ நெனச்சபடியே ஒண்ணும் நடக்கல. விடியுது, அடையுது, வேற ஒண்ணுமே நடக்கல ஏளா."

செந்தூர்பாண்டி கத்தியைத் துடைக்கிற சாக்கில் வெளியே போனான். பிளாரன்ஸ் அங்கிருந்த பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் இனிகோவின் எடை குறைந்திருந்தது, சர்க்கரை ஏறியிருந்தது. அவள் தன் பயத்தை முதன்முறையாக வாய்விட்டுக் கேட்டாள்.

"அன்னைக்கே சொன்னேனேம்மா," என்றார் சரண்யாதேவி. "கண்ணு நேரா உயிரை எடுக்காது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கண்ணையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். அது ஒண்ணு. இன்னொண்ணு, பார்வை போனவங்க தடுக்கி விழுறாங்க, வீட்டுக்குள்ள முடங்குறாங்க, மனசு விட்டுப்போய்ச் சாப்பாட்டையும் குறைச்சிடுறாங்க. ஆபத்து அப்படித்தான் வருது. இவரை நடக்க விடுங்க."

பிளாரன்ஸுக்கு இப்போதுதான் புரிந்தது. எதை வாசலில் நின்று மறித்தாளோ, அதை அவளே வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்திருக்கிறாள்.

இப்போது தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் இருவரும் நடக்கிறார்கள். அவர் கையில் வெள்ளைக் கோல். அவள் ஓரடி பின்னால். பயம் போய்விடவில்லை; ஒவ்வொரு வண்டி ஹாரனுக்கும் அவள் கை அவர் சட்டையை நோக்கி நீள்கிறது.

நேற்று பெயர்ந்த கல்லில் தடுக்கி அவர் விழுந்தார். முழங்காலில் ரத்தம். பிளாரன்ஸ் முந்தானையை அழுத்தித் துடைத்தாள். 'வாங்க, வீட்டுக்குப் போவோம்' என்று நாக்கு நுனிவரை வந்தது.

"ரொம்ப வலிக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"எரியுது. இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?"

"பாதிகூட வரல."

"சரி, கோல எடுத்துக் குடு."

குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.